வருமான வரி இல்லாத ஊர்

மார்ச் 9, 2024, ஃப்ரீமாண்ட், கலிஃபோர்னியா

மதியம் விருந்து. இவருடைய ஆபீஸில் புதிதாகச் சேர்ந்திருக்கும் பிரபாகரனும் அவன் மனைவியும் வந்திருந்தார்கள். சொதி, உருளைக்கிழங்குப் பொரியல், இஞ்சித் துவையல், பாயசம். எல்லாவற்றையும் காலையிலேயே முடித்துவிட்டேன்.

சோறு விழுவதற்கு முன்பே இவர் ஆரம்பித்துவிட்டார். "நீங்க எந்த ஸ்டேட்ல இருந்து வந்தீங்க? இங்க வாடகையா, சொந்த வீடா?" நம் வீட்டு வாசலை மிதித்த எவரும் இந்த இரண்டு கேள்விக்குப் பதில் சொல்லாமல் தப்பியதில்லை. அதற்குப் பிறகு பிரசங்கம். "கலிஃபோர்னியா சம்பாதிக்கிறவனைப் பிடிக்கும். டெக்சாஸ் வீடு வச்சிருக்கிறவனைப் பிடிக்கும். எப்படியும் ஒருத்தன்கிட்ட மாட்டத்தான் போறோம். எவன்கிட்ட மாட்டினா வலி கம்மின்னு பாக்கணும், அவ்வளவுதான்." அந்தப் பையன் வாயில் பொரியலோடு தலையாட்டிக்கொண்டிருந்தான். பாவம்.

காபி கொடுக்கும்போது, "நீங்க எந்த ஸ்டேட்ல இருந்து வந்தீங்க?" என்று மறுபடியும் கேட்டார். பையன் என்னைப் பார்த்தான். இவர் எப்போதும் இப்படித்தான் விளையாடுவார் என்று சொல்லிச் சிரித்து வைத்தேன்.

மார்ச் 10

குக்கர் காஸ்கெட் வாங்க வேண்டும்.

மார்ச் 23

டெக்சாஸ், பிளேனோவிலிருந்து சங்கரபாண்டியன் போன். இவரும் அவனும் ஒரே கல்லூரி, ஒரே விடுதி. ஒரு மணி நேரம் பேசினார்கள். ஸ்பீக்கரில் போட்டதால் நானும் கேட்டேன்.

"அண்ணாச்சி, இன்னும் அங்க கெடந்து என்ன செய்யுதிய? சம்பளத்துல பத்துல ஒரு பங்கை ஸ்டேட்டுக்கு அள்ளிக் குடுக்கிய. இங்க ஒரு சல்லிக்காசு கிடையாது. மைனி, நீங்களாச்சும் சொல்லுங்க."

மைனி என்றால் நான்தான். மைனிக்கு இந்த வீட்டை விட்டுப் போக இஷ்டமே இல்லை. இருபத்து நான்கு வருடமாக இருக்கிற வீடு. நாங்கள் வாங்கிய விலையை வைத்துத்தான் இன்னும் வீட்டு வரி போடுகிறார்கள். பக்கத்து வீட்டை இப்போது வாங்கியவர் எங்களைப் போல நான்கு மடங்கு கட்டுகிறார். இதையும் இவர்தான் விருந்துக்கு வருகிற எல்லோரிடமும் பெருமையாகச் சொல்வார். இப்போது அதே வாயால் டெக்சாஸ் என்கிறார்.

இவருக்கும் இந்தத் தெரு முக்கியம். தினமும் சாயங்காலம் நூலகம் வரை நடந்துவிட்டு, பூங்காவைச் சுற்றிக்கொண்டு, மஞ்சள் தபால் பெட்டியில் திரும்பி வீட்டுக்கு வந்துவிடுவார். கண்ணைக் கட்டி விட்டாலும் வருவார்.

ஏப்ரல் 14

தமிழ்ப் புத்தாண்டு. வேப்பம்பூப் பச்சடிக்குப் பூ கிடைக்கவில்லை.

வரி தாக்கல் செய்ய நாளைதான் கடைசி நாள். வழக்கமாகப் பிப்ரவரியிலேயே முடித்துவிட்டு, இன்னும் முடிக்காதவர்களைக் கேலி செய்துகொண்டிருப்பார். இன்று காலை பார்த்தால் கணினி முன்னால் உட்கார்ந்திருக்கிறார். போன வருடத்து எண்களை அப்படியே மறுபடி நிரப்பிவைத்திருக்கிறார். நான் காட்டியதும் எரிந்து விழுந்தார். பிறகு இரண்டு பேருமாகச் செய்து முடித்தோம். இவர் கண்ணாடி மாற்றி ஒரு வாரம்தான் ஆகிறது, இன்னும் பழகவில்லை.

மே 5

இன்று என்னை உட்கார வைத்து டெக்சாஸ் கணக்கை முழுக்கச் சொன்னார். இந்த வீட்டை விற்று, மகள் கோமதியின் மருத்துவப் படிப்புக்காக வீட்டின் மேல் வாங்கிய கடனை அடைத்துவிட்டு, மிச்சத்தில் அங்கே கடனில்லாமல் ஒரு வீடு. வேலையை வீட்டிலிருந்தே பார்த்துக்கொள்ள ஆபீஸில் சம்மதம் கிடைத்துவிட்டதாம். இன்னும் ஐந்து வருடம் சம்பாதிப்பார். வருமான வரியில் மிஞ்சுவதை வைத்து அந்த ஊர் வீட்டு வரியைக் கட்டிவிட்டு, மேலேயும் நிற்குமாம்.

"வீட்டு வரி வருசா வருசம் ஏறுமே?" என்று கேட்டேன். அவர் காத்திருந்த கேள்வி அதுதான்.

"அங்கதான் இருக்கு, ஆவுடை. அறுபத்தஞ்சு முடிஞ்சவன்னா பள்ளிக்கூட வரி அந்த வருசம் எவ்வளவோ அதோட நின்னுரும். வீட்டு வரியில பாதிக்கு மேல அதுதான். எனக்கு இந்த நவம்பர்ல அறுபத்தஞ்சு. ஜனவரியில போய் எழுதிக் குடுத்தா முடிஞ்சுது."

நானும் விரல் விட்டு எண்ணினேன். திருக்கடையூரில் மணிவிழா நடந்தது 2019 கார்த்திகை. அபிஷேகத்தில் நனைந்து எனக்குக் காய்ச்சல் வந்தது. அதற்கு மேல் ஐந்து வருடம் என்றால் சரியாகத்தான் வருகிறது.

ஒன்று எழுதி வைக்க வேண்டும். இப்போதெல்லாம் இவர் பாதி நேரம் எங்கோ பார்த்துக்கொண்டு இருக்கிறார். கூப்பிட்டால் திடுக்கிடுகிறார். வரி பேசும்போது மட்டும் பழைய ஆளாகிவிடுகிறார். கண்ணில் அந்தக் குறும்பு, கையை வீசுகிற அந்த ஆட்டம். இன்று ஒரு மணி நேரம் அந்த மனிதரோடு இருந்தேன். அதனால்தான் சரி என்று சொன்னேன். கணக்கு முக்கால்வாசி எனக்குப் புரியவில்லை.

மே 6

கோமதிக்குப் போன் செய்து சொன்னேன். "அப்பா சொன்னா சரியாத்தான்மா இருக்கும்" என்றாள்.

ஜூன் 3

ஆபீஸில் இவருக்குப் பிறந்தநாள் கொண்டாட்டம். வருடா வருடம் நடக்கிற வேடிக்கை. சிறு வயதில் மஞ்சள் காமாலை வந்து ஏழு வயதில்தான் பள்ளிக்கூடத்தில் சேர்த்தார்கள். வாத்தியார் ஜூன் மூன்றாம் தேதி என்று ஒன்றை வாய்க்கு வந்தபடி எழுதினார். சர்க்கார் வேலை கிடைத்தால் கூடக் கொஞ்ச நாள் பார்க்கலாம் என்று மாமனாரும் பேசாமல் இருந்துவிட்டார். சர்க்கார் வேலையும் கிடைக்கவில்லை. கேக்குதான் கிடைக்கிறது. வீட்டுக்குக் கொண்டுவந்து, "வாத்தியார் குடுத்த கேக், சாப்பிடு" என்பார்.

இன்று கேக்கை மேஜையில் வைத்துவிட்டு வெகுநேரம் நின்றார். "இன்னிக்கு எதுக்கு ஆவுடை எல்லாரும் எனக்கு வாழ்த்து சொன்னாங்க?" என்று கேட்டார்.

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. கேக் நன்றாகத்தான் இருந்தது. ஒரு துண்டை ஃப்ரீஸரில் வைத்திருக்கிறேன்.

ஜூலை 20

வீடு விலை போய்விட்டது. ஆறு நாளில். வாங்கியவர்கள் சின்ன வயசுக்காரர்கள். எலுமிச்சை மரத்தை வெட்டப் போவதாக என் காதுபடவே பேசிக்கொண்டார்கள்.

ஆகஸ்ட் 17

பெட்டி கட்டிக் கட்டி இடுப்பு போய்விட்டது. நான் சமையலறைப் பெட்டிகளைக் கட்டி ஒட்டினால், இவர் பின்னாலேயே வந்து பிரித்து டம்ளரைத் தேடுகிறார். மூன்று தரம். நான்காவது தரம் கத்திவிட்டேன். போய்ப் படிக்கட்டில் உட்கார்ந்துகொண்டார். எனக்கு அழுகை வந்தது.

கறிவேப்பிலைச் செடியை மாநிலம் விட்டு மாநிலம் கொண்டு போகக் கூடாதாம். எதிர் வீட்டு குர்மீத் வாங்கிக்கொண்டாள். அவள் வீட்டில் அதை என்ன செய்வார்களோ.

செப்டம்பர் 8, ஃப்ரிஸ்கோ, டெக்சாஸ்

பால் காய்ச்சியாயிற்று. ஆவணி வளர்பிறை, ஞாயிற்றுக்கிழமை. சங்கரபாண்டியனும் அவன் மனைவியும் இட்லி, கேசரி எல்லாம் கொண்டுவந்தார்கள். வீடு பெரியது. நாலு படுக்கையறை. இரண்டு பேருக்கு எதற்கு என்று கேட்டால், இதைவிடச் சின்னதாக இங்கே கட்டுவதே இல்லையாம்.

வெயில் மண்டையைப் பிளக்கிறது. நடக்க ஓர் இடம் இல்லை. நூலகம் ஏழு மைல்.

செப்டம்பர் 15

இரவில் எழுந்தால் விளக்குப் போடும் இடம் இருவருக்குமே தெரியவில்லை. எல்லா சுவிட்சுக்கும் மேல் காகிதம் ஒட்டி எழுதினேன். குளியலறைக் கதவிலும் எழுதினேன். புது வீடு, பழக வேண்டாமா.

அக்டோபர் 2

குளியலறைக் கதவில் எழுதியதைப் பெரிய எழுத்தாக மாற்றி ஒட்டினேன்.

நவம்பர் 24

போன வாரம் அவர் நட்சத்திரப் பிறந்தநாள். கோயிலில் அர்ச்சனை செய்தேன். அறுபத்தைந்து முடிந்துவிட்டது. "ஜனவரியில போவோம், எழுதிக் குடுப்போம்" என்று அன்று முழுவதும் உற்சாகமாக இருந்தார்.

இன்று நடந்ததை எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன். மதியம் குப்பைத் தொட்டியை உள்ளே இழுக்கப் போனவர் வரவில்லை. தெருவில் பார்த்தேன், இல்லை. இங்கே எல்லாம் ஒரே செங்கல், ஒரே கூரை, ஒரே கறுப்புக் கதவு. மூன்று தெரு தள்ளி ஒரு வீட்டு வாசலில் நின்று, பூட்டில் நம் சாவியைப் போட்டுத் திருப்பிக்கொண்டிருந்தார். நான் ஓடுகிறேன், அதற்குள் கதவு திறந்தது. எழுபது வயது வெள்ளைக்காரர். இடது கையால் கதவைப் பிடித்திருந்தார். வலது கை முதுகுக்குப் பின்னால் இருந்தது.

நான் கையைத் தூக்கிக்கொண்டு, மன்னியுங்கள், என் கணவர், புதிதாக வந்திருக்கிறோம் என்று கத்தினேன். அந்த மனிதர் வெகுநேரம் எங்களைப் பார்த்தார். பிறகு, பார்த்து இருங்கள் அம்மா, எல்லோரும் என்னைப் போலக் கேட்டுக்கொண்டிருக்க மாட்டார்கள் என்றார். அந்த வலது கை கடைசி வரை முன்னால் வரவில்லை. இங்கே வீட்டுக்கு வீடு துப்பாக்கி.

வீடுகள் எல்லாம் ஒரே அச்சு. யாருக்கும் குழம்பும். நம் வாசலில் மஞ்சள் பூந்தொட்டி ஒன்று வாங்கி வைத்தேன்.

ஜனவரி 14, 2025

பொங்கல் வைத்துவிட்டு, வீட்டு வரிச் சலுகைக்கு எழுதிக் கொடுக்க மதிப்பீட்டு அலுவலகத்துக்குப் போனோம். தலை சீவி, இஸ்திரி போட்ட சட்டை. காரில் போகும்போதே, பள்ளிக்கூட வரி எப்படி நிற்கும் என்று எனக்கு மறுபடி விளக்கினார். நான் ஓட்டினேன். இங்கே வந்ததிலிருந்து நான்தான் ஓட்டுகிறேன்.

கவுண்டரில் ஒரு பெண். மரியாதையானவள். டிரைவிங் லைசென்ஸை வாங்கிப் பார்த்தாள். சொந்த வீட்டுக்கான சாதாரணச் சலுகை உண்டு, ஆனால் வயதானவர்களுக்கான சலுகை இப்போது இல்லை, உங்களுக்கு அறுபத்து மூன்றுதானே ஆகிறது என்றாள்.

எனக்கு உடனே விளங்கிவிட்டது. ஜூன் 3, 1961. வாத்தியார் எழுதிய தேதி. லைசென்ஸில் அதுதான், பாஸ்போர்ட்டில் அதுதான், முப்பது வருடமாக வரிப் படிவத்தில் இவர் கையாலேயே நிரப்பியதும் அதுதான்.

இவர் சிரித்தார். எனக்கு அறுபத்தைந்து, ஐந்து வருடத்துக்கு முன் இவளோடு எனக்கு இரண்டாவது கல்யாணம்கூட நடந்தது என்றார் அவளிடம். அவளுக்குப் புரியவில்லை. லைசென்ஸைத் திருப்பி இவர் பக்கம் காட்டினாள். இவர் அதைக் கையில் வாங்கி, கண்ணாடியைக் கழற்றி, கிட்டத்தில் வைத்துப் பார்த்தார்.

"இது என் தேதி இல்லையே, ஆவுடை. யாரோ தப்பா அடிச்சிருக்காங்க."

"வாத்தியார் தேதிங்க. உங்க சர்டிபிகேட் தேதி."

"எந்த வாத்தியார்?"

பின்னால் ஆட்கள் காத்திருந்தார்கள். நான் அவர் கையைப் பிடித்து வெளியே கூட்டி வந்தேன். காரில் அவரை உட்கார வைத்துப் பெல்ட்டை மாட்டிவிட்டேன். தப்பாக எண்ணியது நானும்தான். மணிவிழாவை வைத்து எண்ணிவிட்டேன். ஆனால் எனக்குச் சொன்னதும் ஞாபகம் வந்தது. அவருக்கு வரவில்லை. எங்கள் கல்யாணமான வாரத்தில் முதல் முதலாக அவர் என்னைச் சிரிக்கவைத்த கதை அந்த வாத்தியார் கதைதான்.

பொங்கலை இரண்டு பேரும் தொடவில்லை.

பிப்ரவரி 6

ஆபீஸிலிருந்து போன். இவருடைய மேலதிகாரி என்னிடம் பேச வேண்டும் என்றார். ஒரு வருடத்துக்கு மேலாகவே இவர் வேலையை மற்றவர்கள் திருத்தி வந்திருக்கிறார்கள். உங்கள் கணவர் மிகவும் நல்ல மனிதர், அவரால் வேலை கற்றுக்கொண்டவர்கள் பலர், அதனால்தான் இத்தனை நாள், இனிமேல் முடியாது என்றார். டெக்சாஸிலிருந்து வேலை பார்க்கச் சம்மதம் கொடுத்ததற்கும் அதுதான் காரணமாம். தூரத்தில் இருந்தால் ஒவ்வொன்றாகக் குறைத்துக்கொள்வது சுலபம் என்று. ஒரு வருடம். பிரபாகரனுக்கும் அன்றைக்கே தெரிந்திருக்கும். பாயசம் குடித்துவிட்டுப் போனான்.

ஆக, வருமானம் இல்லை. வருமானம் இல்லாதவனிடம் கலிஃபோர்னியாவும் வருமான வரி கேட்காது. இந்த ஊர் மட்டும் கேட்கும். சம்பாதித்தாயா என்று கேட்காது, படுக்கையிலா கிடக்கிறாய் என்று கேட்காது. வீடு நின்றால் வரி. ஐந்தாவது படிக்கிற பிள்ளைக்குப் புரிகிற கணக்கு இது. எனக்கு என் மேலேயே ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது.

மார்ச் 19

டாக்டர் இவருடைய மூளையின் படங்களைக் காட்டினார். கோமதி சியாட்டிலிலிருந்து வந்து கூட உட்கார்ந்திருந்தாள். தொடங்கி மூன்று வருடமாவது இருக்கும் என்றார். கோமதி என்னைப் பார்த்தாள். அவளும் டாக்டர்தான். எலும்பு பார்க்கிற டாக்டர்.

கண்ணாடி பழகவில்லை, புது வீடு, ஒரே அச்சு. நான் எழுதியதை எல்லாம் திருப்பிப் பார்த்தேன். எனக்குத் தெரிந்திருந்தது. தெரியாமல் இருக்க விரும்பினேன்.

இப்படிப்பட்டவர்களைப் பழகின வீட்டிலேயே வைத்திருப்பது நல்லது, இடம் மாற்றினால் வேகமாக இறங்கிவிடும் என்றும் டாக்டர் சொன்னார். அவர் சும்மா பொதுவாகத்தான் சொன்னார்.

மார்ச் 20

"திரும்பிப் போயிருவோமா?" என்று கோமதியிடம் கேட்டேன். அவள் விலையைப் பார்த்துச் சொன்னாள். நம் பழைய தெருவில் இந்த வீட்டை விற்றால் வருகிற காசுக்குப் பாதி வீடு கூடக் கிடைக்காது. கிடைத்தாலும் இன்றைய விலைக்குத்தான் வரி. வீட்டோடு சேர்த்து அந்தப் பழைய வரியையும் விற்றுவிட்டோம். அந்த மாநிலத்துக்குள்ளேயே வேறு ஒரு சின்ன வீட்டுக்கு மாறியிருந்தால், ஐம்பத்தைந்து தாண்டியவர் என்று பழைய வரியைக் கூடவே எடுத்துப் போயிருக்கலாமாம். இவருக்கு அது தெரியாமல் இருக்காது. ஒரு காலத்தில் தெரிந்திருக்கும்.

"என்கூட வாங்கம்மா" என்றாள் கோமதி. அவள் இருப்பது ஒற்றைப் படுக்கையறை. இன்னொரு தடவை இவரை இடம் மாற்ற எனக்குத் துணிச்சல் இல்லை. குளியலறைக் கதவு இப்போதுதான் பழகியிருக்கிறது.

ஏப்ரல் 16

வீட்டு மதிப்பு உயர்ந்துவிட்டதாகத் தாள் வந்தது. ஆட்சேபணை எழுதலாமாம். சங்கரபாண்டியன் எழுதித் தருகிறேன் என்று வந்தான். வாசலில் நின்று அழுதான். "நான்தான் மைனி, நான்தான் வாங்க வாங்கன்னு கூப்பிட்டேன்." அவனை உள்ளே கூட்டிக் காபி கொடுத்தேன். இவர் அவனைப் பார்த்துச் சந்தோஷப்பட்டு, விடுதிக் கதை எல்லாம் பேசினார். அதெல்லாம் ஒன்றும் மறக்கவில்லை.

ஏப்ரல் 29

பல்லி மிட்டாய் கேட்டார். இந்தியக் கடை இரண்டிலும் இல்லை.

மே 10

கறிவேப்பிலை வாடிப் போய்த்தான் கிடைக்கிறது. குர்மீத் அந்தச் செடியின் படத்தை அனுப்பியிருந்தாள். அவள் இடுப்பு உயரம் வந்துவிட்டது.

இவரிடம் காட்டினேன். "யார் வீடு இது? நல்ல வீடா இருக்கே" என்றார். செடிக்குப் பின்னால் தெரிந்தது எங்கள் வீடு.

மே 31

காலையில் துணி துவைத்து மடித்தேன். பருப்பு உருண்டைக் குழம்பு. தலைக்கு எண்ணெய் வைத்து இவரைக் குளிக்க வைத்தேன்.

சாயங்காலம் பின் முற்றத்தில் நாற்காலி போட்டு உட்கார வைத்து, காபி கொண்டுபோனேன். டம்ளரை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். என்னை நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார். விருந்தாளிகளைப் பார்த்துச் சிரிப்பாரே, அந்தச் சிரிப்பு.

"உக்காருங்கம்மா. நீங்க எந்த ஸ்டேட்ல இருக்கீங்க? வாடகையா, சொந்த வீடா?"

முப்பத்தைந்து வருடத்தில் என்னை அவர் நீங்க என்று சொன்னதில்லை. நான் எதிர் நாற்காலியில் உட்கார்ந்தேன்.

"டெக்சாஸ்ங்க. சொந்த வீடு."

"அப்படியா!" முகம் மலர்ந்துவிட்டது. கை வீசத் தொடங்கிவிட்டது. ஒரு வார்த்தை தடுமாறவில்லை. கலிஃபோர்னியா சம்பாதிக்கிறவனைப் பிடிக்கும், டெக்சாஸ் வீடு வைத்திருக்கிறவனைப் பிடிக்கும். சம்பளம் நிற்கப் போகிற வயதில் டெக்சாஸுக்குப் போகிறவன் ஒரு தடவைக்கு இரண்டு தடவை யோசிக்க வேண்டும். எல்லாம் சொன்னார். நான் ஒரு வருடத்துக்கு முன்னால் கேட்டிருக்க வேண்டியதை எல்லாம் சொன்னார்.

"அப்புறம் அந்த அறுபத்தஞ்சு வயசு சலுகை. அதுல மட்டும் கவனமா இருங்கம்மா. நம்ம ஆளுங்களுக்குப் பிறந்த தேதி வேற, சர்டிபிகேட் தேதி வேற. எனக்கே ஒரு வாத்தியார் ஜூன் மூணுன்னு எழுதி வச்சிட்டாரு. இங்க சர்டிபிகேட்தான் செல்லும். மணிவிழாவை வச்சு எண்ணிராதீங்க."

தலையை மட்டும் ஆட்டினேன்.

"உங்க வீட்ல கணக்கு வழக்கெல்லாம் யாரு பாக்கா?"

"எங்க வீட்டுக்காரர்தாங்க."

"விவரமான ஆளா?"

"ரொம்ப."

"அப்ப நீங்க ஒண்ணுக்கும் பயப்பட வேண்டாம்" என்றார்.

சரிங்க என்று சொல்லிவிட்டு, காலி டம்ளரை வாங்கிக்கொண்டு உள்ளே வந்தேன்.